ஒரு பிச்சைக்கண்ணு என்பது மூன்று விநாடி

தொண்ணூற்றாறாம் வருஷம் ஐப்பசி பிறந்து கார்த்திகை முடிவதற்குள் பாளையங்கோட்டையில் நேரத்தை அளக்க ஒரு புது அளவை வந்துவிட்டது. ஒரு பிச்சைக்கண்ணு என்றால் மூன்று விநாடி. பஸ் கிளம்ப இன்னும் பத்துப் பிச்சைக்கண்ணுதான் இருக்கு, ஓடுலே என்பான் ஒருத்தன். கணக்கு வாத்தியார் கேட்ட கேள்விக்கு ஒரு பிச்சைக்கண்ணுக்குள் பதில் சொன்னவன் மேதை. இருபது பிச்சைக்கண்ணு ஒரு நிமிஷம். மீதியில்லாமல் வகுபட்டது வேறு வசதியாகப் போயிற்று.

அந்த அளவைக்குச் சொந்தக்காரர், முருகன்குறிச்சிப் பக்கம் காந்திமதி வீடியோஸ் என்ற கடையில், வாசலை ஒட்டிப் போட்ட ஸ்டூலில், மடியில் ஓர் அலாரம் கடிகாரத்தோடு உட்கார்ந்திருந்தார். ஐம்பதுக்கு இரண்டு வயது குறைவு. கடையில் நாலு டி.வி., நாலு வீடியோ கேம் பெட்டி. ஒரு ஆளுக்கு அரை மணி நேரம். அரை மணி ஆனதும், "எந்திலே, நேரம் ஆயிட்டு" என்று சொல்லி ஸ்விட்சை அணைக்க வேண்டும். அதுதான் பிச்சைக்கண்ணு அண்ணாச்சியின் வேலை. பையன் அழுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டால், "பைய, பைய" என்று இன்னும் கொஞ்ச நேரம் விடுவார். எல்லாப் பையனும் அழுகிற மாதிரிதான் முகத்தை வைத்துக்கொள்வான்.

அதற்கு முன்னால் அவர், பிறந்த ஊரான முக்கூடல் பக்கம், ஒரு டூரிங் டாக்கீஸில் டிக்கெட் கிழித்தார். எல்லாரையும் உள்ளே விட்டு, படம் தொடங்கிப் பத்து நிமிஷம் கழித்துத்தான் அவர் உள்ளே போக முடியும். முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போது கதவைத் திறந்துவிட வெளியே வந்துவிட வேண்டும். பதினாறு வருஷம் சினிமாக் கொட்டகையில் இருந்த மனுஷனுக்கு ஒரு படத்தின் தொடக்கமும் தெரியாது, முடிவும் தெரியாது. கதை கேட்டால், "நடுவுல எல்லாரும் நல்லாத்தான் இருந்தாங்க" என்பார்.

கொட்டகையைப் பிரித்துக் கீற்றை விறகுக்கு விற்ற பிறகு, காந்திமதிநாதன் அண்ணாச்சி என்கிற முதலாளியின் வீடியோ கேசட் கடைக்கு வந்து சேர்ந்தார். கேபிள் வந்தது, கேசட் வாங்க ஆள் வரவில்லை. முதலாளி அலமாரியைத் தூக்கிவிட்டு வீடியோ கேம் பெட்டிகளை இறக்கினார். பிச்சைக்கண்ணு ஸ்டூலை இரண்டடி தள்ளிப் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான் அவருக்கு நடந்த மாற்றம்.

அவர் பெயரைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அவருக்கு முன்னால் பிறந்த மூன்று பிள்ளைகளும் தங்கவில்லை. நாலாவதாக இவர் பிறந்ததும், அவர் அம்மா பச்சைப் பிள்ளையை முறத்தில் போட்டு எடுத்துக்கொண்டு ஏழு வீட்டு வாசலில் போய் நின்று அரிசிப் பிச்சை வாங்கினாள். அந்த அரிசியில் கஞ்சி காய்ச்சிக் குடித்துவிட்டு, பிச்சை வாங்கிய பிள்ளையை எமன் என்னத்துக்கு எடுக்கப் போகிறான் என்று பிச்சைக்கண்ணு என்று பேர் வைத்தாள். எமனும் எடுக்கவில்லை. அம்மா இருந்த மட்டும், தெருமுனையில் நின்று முழுப் பேரையும் சொல்லித்தான் கூப்பிடுவாள். அவள் போன பிறகு அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லை. வீட்டுக்காரி சண்முகசுந்தரி புருஷன் பேரைச் சொல்ல மாட்டாள். முதலாளிக்கு அவர் "வே". பையன்களுக்கு "அண்ணாச்சி". ரேஷன் கடையில் சில வருஷத்துக்கு ஒருமுறை கார்டு மாற்றும்போது பேரைக் கூப்பிட்டால், அவரே ஒரு கணம் கழித்துத்தான் திரும்பிப் பார்ப்பார்.

அப்படி இருந்த பேரைத் தூக்கி ஊர் வாயில் போட்டது 'குதி'.

'குதி' என்பது பத்திரிகை. ஆசிரியர், எழுத்தாளர், படம் போடுகிறவர், கட்டுக்கட்டாகக் கொண்டுபோய் விநியோகிக்கிறவர் எல்லாம் மெர்வின் என்கிற ஒரே ஆள். வயது பதினேழு. பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கு அவனைக் கைவிட்டது, அவனும் கணக்கைக் கைவிட்டான். மாதம் ஒருமுறை நாலு பக்கம் கறுப்பு மையில் கையால் எழுதி, லில்லி அக்கா ஜெராக்ஸ் கடையில் நூறு பிரதி எடுப்பான். எந்த ஆட்டத்தில் எந்தக் கட்டத்தில் எதைத் தாண்டுவது, எந்தச் சுவரை முட்டினால் எது விழும் என்று முதல் இரண்டு பக்கம். மீதி முழுக்க வம்பு.

அந்த வம்பில் இரண்டு மாறவே மாறாது. ஒன்று, கடைசிப் பக்கத்து மூலையில் கட்டம் கட்டிய அறிவிப்பு: 'எட்டாம் கட்டத்தின் முழு வரைபடம் அடுத்த இதழில்.' அந்த வரைபடம் எந்த இதழிலும் வந்ததில்லை. வராது என்று எல்லாருக்கும் தெரியும். இரண்டு, 'மன்னிப்புக் கோருகிறோம்' என்ற பகுதி. மெர்வினின் அப்பா வேதக்கோயிலில் ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு வாசிக்கிறவர். அந்தத் தோரணையிலேயே இவன் எழுதுவான். 'சபையாருக்கு அறிவிப்பது என்னவென்றால், மூன்றாம் கட்டத்துப் பாம்பு தலையில் மிதித்தால் சாகும் என்று போன இதழில் எழுதியிருந்தோம். சாகவில்லை. மிதித்துச் செத்த அனைவரிடமும் மன்னிப்புக் கோருகிறோம்.' வாங்கினவன் முதலில் திருப்புவது அந்தப் பக்கத்தைத்தான். எவ்வளவு உருக்கமாக மன்னிப்புக் கேட்கிறானோ அவ்வளவு பெரிய குறும்பு என்பது 'குதி' படிக்கிறவர்களுக்குப் பாலபாடம்.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் மழை கொட்டியது. கரண்டு போய்த் திரும்பி வந்தது. கடையில் பிச்சைக்கண்ணுவையும் மெர்வினையும் தவிர ஆள் இல்லை.

"அண்ணாச்சி, ஒரு தடவ ஆடிப் பாருங்களேன்."

"போலே. நான் ஆடினா கடையை யாரு பாக்கது?"

"கடையில யாரு இருக்கா பாக்கதுக்கு? இந்தாங்க, பிடிங்க."

குட்டையன் ஒருத்தன் ஓடிக் குழி குழியாகத் தாண்டுகிற ஆட்டம் அது. உலகத்திலேயே சுலபமான ஆட்டம். மூன்று வயதுப் பிள்ளை முதல் குழியைத் தாண்டிவிடும். பிச்சைக்கண்ணு ஜாய்ஸ்டிக்கைக் கடிகாரத்தைப் பிடிப்பது போல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"ஓடுகதுக்கு எது?"

"வலது பக்கம் அமுக்குங்க. குதிக்கதுக்கு செவப்புப் பட்டன்."

வலது பக்கம் அமுக்கினார். சிவப்புப் பட்டன் எங்கே என்று குனிந்து கையைப் பார்த்தார். கண்டுபிடித்தார். நிமிர்ந்தார். திரையில் யாரும் இல்லை.

"எங்கலே அவன்?"

"குழிக்குள்ள போய்ட்டான் அண்ணாச்சி."

"இப்பதான இங்கன நின்னான்!"

மெர்வின் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்தபடியே இன்னொரு தடவை ஆடச் சொல்லிக் கைக்கடிகாரத்தைப் பார்த்ததுதான் வினை. ஓட ஆரம்பித்துக் குழியில் விழும்வரை மூன்று விநாடி. அடுத்த இதழில் ஒரு பக்கம் முழுக்க அளவை வாய்பாடு: ஒரு பிச்சைக்கண்ணு, மூன்று விநாடி, இருபது பிச்சைக்கண்ணு, ஒரு நிமிஷம். கீழே பெரிய எழுத்தில், 'இப்பதான இங்கன நின்னான்!'

முதல் பத்து நாள் அவருக்கு அது பிடித்திருந்தது. இதை யாரும் நம்பமாட்டார்கள், ஆனாலும் உண்மை. இதழை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். பழைய பையன்கள் புதுப் பையன்களை வாசலில் நிறுத்தி, "இவருதாம்ல பிச்சைக்கண்ணு" என்று காட்டும்போது, அவர் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது போலக் குனிந்து சிரித்துக்கொள்வார். தபாலில் கடிதங்கள் வந்தன. அம்பாசமுத்திரத்திலிருந்து திருநெல்வேலி வருகிற ரயிலுக்கு ஆயிரத்து ஐந்நூறு பிச்சைக்கண்ணு ஆகிறது என்று ஒருவன் எழுதியிருந்தான். மேலப்பாளையத்திலிருந்து கமர் நிஷா என்ற ஏழாம் வகுப்புப் பிள்ளை, 'எங்க வாப்பா துபாயிலிருந்து போன் பண்ணினால் இருபது பிச்சைக்கண்ணுக்குள் வைத்துவிடுகிறார், அதற்குள் என்ன பேசுவது என்று குதியில் சொல்லவும்' என்று கேட்டிருந்தாள். மெர்வின் அதற்கு ஏதோ கேலியாகப் பதில் எழுதப் போனான். பிச்சைக்கண்ணு அந்தக் கடிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்தார்.

"கிண்டலா எழுதாதலே. சாப்பிட்டீயளா வாப்பான்னு மட்டும் கேக்கச் சொல்லு. அதுக்கு அவ்வளவு நேரம் போதும்."

மெர்வின் அதையே போட்டான். 'குதி'யில் கேலி இல்லாமல் வந்த முதல் வரி அதுதான். யாரும் அதைக் கவனிக்கவில்லை.

பிச்சைக்கண்ணுவின் மகள் மதுமதி பத்தாம் வகுப்பு. அரசாங்கப் பரீட்சைக்கு அனுப்புகிற பெயர்ப் பட்டியல் எழுதுகிற நேரம் அது. பிள்ளை பேர், அப்பா பேர், பிறந்த தேதி. அதில் எது போகிறதோ அதுதான் காலம் முழுக்க எல்லாக் காகிதத்திலும் வரும். வகுப்பு டீச்சர் ஞானசௌந்தரி பிழை இருக்கக் கூடாதே என்று ஒவ்வொரு பிள்ளையாக எழுப்பிச் சத்தமாக வாசித்தாள். "பி. மதுமதி. அப்பா பேரு பிச்சைக்கண்ணு. சரியா?" மதுமதி தலையாட்டினாள். பிறகு பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல், "மூணு செகண்டு டீச்சர்" என்றது. டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. மற்ற நாற்பத்தேழு பேருக்கும் புரிந்தது. அதற்குப் பிறகு மதுமதியின் சாப்பாட்டு டப்பா தினமும் காணாமல் போனது. தேடினால், "இப்பதான இங்கன நின்னான்" என்று நாலு மூலையிலிருந்தும் சத்தம் வரும்.

ஒரு சாயங்காலம் அவள் அப்பாவுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, லிஸ்டுல ஒங்க பேரு போகுதுல்லா, அதுல வேற பேரு போட்டுக்கிடட்டுமா?"

"வேற பேரா? என்ன பேரு?"

"பிரமநாயகம்." அவள் யோசித்து வைத்திருந்தாள். "இனிசியல் மாறாதுப்பா. நோட்டு, புக்கு எல்லாம் அப்பிடியே இருக்கும். ரெண்டு பேரும் ஒரே ஆளுதான்னு கிராமத்து ஆபீஸர்ட்ட ஒரு கடுதாசி மட்டும் வாங்கிட்டு வரணுமாம். டீச்சர்ட்ட கேட்டுட்டேன்."

"யாரும்மா அந்தப் பிரமநாயகம்?"

"யாரும் இல்லப்பா. சும்மா, நல்ல பேரு."

அடுப்படியிலிருந்து சண்முகசுந்தரி சொன்னாள், "தெனமும் அழுதுட்டுத்தான் வருது. ஒங்கள்ட்ட சொல்ல வேண்டாம்னு எங்கிட்ட சத்தியம் வேற வாங்கியிருக்கு."

"எப்பம்மா கொடுக்கணும்?"

"திங்கக்கிழமைக்கு அடுத்த திங்கக்கிழமை."

மறுநாள் பிச்சைக்கண்ணு மெர்வினைக் கடைக்கு வெளியே கூட்டிக்கொண்டு போனார். ஸ்டூலை விட்டு அவர் அவ்வளவு தூரம் நடந்ததே மெர்வினுக்கு விசித்திரமாக இருந்தது.

"ஏலே மெர்வினு, அந்தப் பேரு சொல்லுகதை நிப்பாட்ட முடியுமா?"

மெர்வின் சிரிக்கத் தொடங்கி, அவர் முகத்தைப் பார்த்துப் பாதியில் விட்டுவிட்டான். அவர் மகள் விஷயத்தைச் சொன்னார். திங்கட்கிழமையைச் சொன்னார். "அதுக்குள்ள நின்னுட்டுன்னா, அவ அந்தப் பேரு மாத்துகதை விட்டுருவா. அவ்வளவுதாம்ல வேணும்."

"இவ்வளவுதான அண்ணாச்சி? நான் ஆரம்பிச்சது, நானே முடிச்சிருதேன். ஒரு மன்னிப்புப் போட்டுட்டா ஒரே நாள்ல முடிஞ்சிரும்."

அவன் அதை முழுமனசோடுதான் சொன்னான். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் உட்கார்ந்து எழுதினான். ஒரு கேலி வார்த்தை இல்லை, ஒரு கோணல் படம் இல்லை. 'பிச்சைக்கண்ணு அண்ணாச்சி நல்ல மனிதர். அவர் பெயரை இப்படிப் பயன்படுத்தியது என் தவறு. அவர் மகளுக்குப் பரீட்சை வருகிறது. தயவுசெய்து இனிமேல் யாரும் சொல்ல வேண்டாம். உண்மையாகவே மன்னிப்புக் கோருகிறேன்.' மாத நடுவிலேயே தனி இதழாக, இந்த முறை இருநூறு பிரதி. லில்லி அக்கா படித்துவிட்டு, "என்னல, திருந்திட்டியா?" என்றாள். எங்கே போடுவது என்று அவன் யோசிக்கவே இல்லை. மன்னிப்பு எங்கே போடுவார்கள்? 'மன்னிப்புக் கோருகிறோம்' பகுதியில்தான் போட்டான்.

வெள்ளிக்கிழமை இதழ் போனது. சனிக்கிழமை காலையில் கடைக்கு வந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். 'குதி' தொடங்கியதிலிருந்து இப்படி ஒரு மன்னிப்பு வந்ததில்லையாம். அந்த 'உண்மையாகவே'யைப் பார்த்து ஒருத்தனுக்குப் புரையேறிவிட்டதாம். அரை மணி முடிந்து பிச்சைக்கண்ணு ஸ்விட்சில் கை வைத்தார். உட்கார்ந்திருந்தவன் கையெடுத்துக் கும்பிட்டான்.

"அண்ணாச்சி, இன்னும் அஞ்சு பிச்சைக்கண்ணு விடுங்க. மகளுக்குப் பரீட்சை."

கடையே கைதட்டியது.

மெர்வின் ஸ்டூல் மேல் ஏறி நின்றான். "ஏலே, இது ஜோக் இல்லலே! நெசமாத்தாம்ல சொல்லுதேன்!" அவன் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அதைப் பார்த்து இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறந்தபோது, வீட்டுப்பாடம் எழுதாதவன் எல்லாம் வாத்தியார் முன்னால் நின்று, "இது ஜோக் இல்ல சார், மகளுக்குப் பரீட்சை" என்றான். அன்றைக்கு மதுமதி மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவள் திரும்பப் போகவில்லை.

மெர்வின் வீடு வீடாகப் போய் இதழ்களைத் திருப்பி வாங்கப் பார்த்தான். அறுபதுக்கு மேல் கிடைக்கவில்லை. பாதிப் பேர் தங்கள் செலவில் ஜெராக்ஸ் எடுத்து அத்தை மகனுக்கும் சித்தப்பா மகனுக்கும் அனுப்பியிருந்தார்கள். திருச்செந்தூர் போன பஸ் ஒன்றின் சீட்டு முதுகில் 'மகளுக்குப் பரீட்சை' என்று ஆணியால் கீறியிருந்ததை அவனே பார்த்தான். 'குதி'யை நிறுத்துகிறேன், இனி இதழே கிடையாது என்று லில்லி அக்கா கடை வாசலில் எழுதி ஒட்டினான். எட்டாம் கட்டத்து வரைபடம் மாதிரித்தான் இதுவும் என்று எல்லாரும் ரசித்தார்கள். அம்பாசமுத்திரத்துப் பையன்கள் அடுத்த இதழைத் தாங்களே எழுதி வெளியிட்டு, அதில் மன்னிப்பும் கேட்டிருந்தார்கள்.

வியாழக்கிழமை காலையில் கடையைத் திறப்பதற்கு முன்னால் மெர்வின் வந்து பார்த்தபோது, பிச்சைக்கண்ணு டி.வி. முன்னால் உட்கார்ந்து ஜாய்ஸ்டிக்கைப் பிடித்திருந்தார். முதல் குழியைத் தாண்டிவிட்டால் வாய்பாடு பொய்யாகிவிடும் அல்லவா? ஆறு நாளாக ஆடிப் பார்க்கிறாராம். இப்போதெல்லாம் அவர் கையைப் பார்ப்பதில்லை. ஆனால் குழி வந்ததும் கண்ணை மூடிவிடுகிறார்.

"முடியலலே" என்றார். "அவன் விழப்போறான்னு தெரியுதுல்லா. கண்ணு பாக்க மாட்டேங்கு."

அன்றைக்கு மத்தியானம் முதலாளியிடம், "அரை நாள் வேணும் அண்ணாச்சி" என்றார். "எங்க வே போறீரு?" என்று கேட்டதற்கு, முக்கூடலுக்கு என்று மட்டும் சொன்னார். கிராமத்து ஆபீஸில் இருந்தவர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எவ்வளவு நாளாக இந்தப் பிரமநாயகம் என்ற பேர் என்று கேட்டார். போன வாரத்திலிருந்து என்று வாய் வரை வந்துவிட்டது. "சின்னப் பிள்ளையிலேருந்தே உண்டு சார்" என்றார். பிறந்த ஊரில் அவர் சொன்ன ஒரே பொய்.

திங்கட்கிழமை மெர்வின்தான் அவரைச் சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனான். வேறு எதுவும் அவனால் செய்ய முடியவில்லை, மிதிக்க முடிந்தது. ஞானசௌந்தரி டீச்சர் பட்டியலில் பழைய பேரை ஸ்கேல் வைத்து அடித்தாள். மேலே புதுப் பேரை எழுதினாள்.

"பழைய பேருக்கு என்ன கொறச்சல் அண்ணாச்சி?"

"ஒண்ணும் இல்ல டீச்சர். எங்கம்மா வச்சது" என்றார். அவள் காட்டிய இடத்தில் பிரமநாயகம் என்று கையெழுத்துப் போட்டார். எழுத்து எழுத்தாக, எழுத்துக் கூட்டுகிற பிள்ளை மாதிரி வெகுநேரம் ஆயிற்று. வாசலில் நின்ற மெர்வின் பழக்கதோஷத்தில் மனசுக்குள் எண்ணத் தொடங்கி, தன் கன்னத்தில் தானே ஒரு அறை வைத்துக்கொண்டான்.

திரும்பி வருகையில், பின்னால் கேரியரில் உட்கார்ந்தபடி அவர் பேசிக்கொண்டே வந்தார். முறத்தைச் சொன்னார், ஏழு வீட்டைச் சொன்னார், முன்னால் போன மூன்று பேரைச் சொன்னார். மகளிடம் இதையெல்லாம் சொல்லவில்லையா என்று மெர்வின் கேட்டான். சைக்கிள் ஓட்டுகிறவன் திரும்பிப் பார்க்க முடியாது என்பதில் அவனுக்கு அன்றைக்கு ஒரு சௌகரியம் இருந்தது.

"சொன்னா அவ அந்தப் பேரையே வச்சிக்கிடுவாலே. அழுதுட்டே வச்சிக்கிடுவா. அது எதுக்கு?"

மதுமதி நன்றாகவே எழுதிப் பாஸ் பண்ணினாள். ஜூன் மாதம், பதினொன்றாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்கூடத்தில் சேர்க்க, பழைய பள்ளிக்கூடத்திலிருந்து டி.சி. வாங்கிக்கொண்டு பிச்சைக்கண்ணு நேரே கடைக்கு வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தார். மாணவி பெயர், பி. மதுமதி. தகப்பனார் பெயர், பிரமநாயகம். பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டு இன்னொரு தடவை பார்த்தார். தெரிந்த ஆள் யாராவது அதில் இருக்கிறாரா என்று தேடுகிற மாதிரி இருந்தது. பிறகு சுருட்டிக் கடிகாரத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

மெர்வின் பைய வந்து பக்கத்தில் குத்தவைத்தான். ஆறு மாதமாக அவன் போட்ட எந்தத் திட்டமும் பலிக்கவில்லை. இப்போது புதிதாக ஒன்று வைத்திருந்தான்.

"அண்ணாச்சி, நானே குழியில விழுந்து காட்டுதேன். எல்லாப் பயலும் பாக்க, ரெண்டே செகண்டுல விழுதேன். ஒரு மெர்வின்னா ரெண்டு செகண்டுன்னு புதுசா ஒரு வாய்பாடு போட்டு 'குதி'யைத் திரும்ப ஆரம்பிச்சிருதேன். எம்பேரு வந்துட்டா ஒங்க பேரு தானா அழிஞ்சிரும்."

பிச்சைக்கண்ணு பதில் சொல்வதற்குள் நாலாவது டி.வி. முன்னாலிருந்து ஒரு பொடிப்பயல் குரல் கொடுத்தான். புதுப் பையன், நாலாம் வகுப்பு இருக்கும். 'குதி'யை அவன் கண்ணால் பார்த்திருக்கமாட்டான். ஸ்டூலில் இருப்பவர் யார் என்றும் அவனுக்குத் தெரியாது.

"அண்ணாச்சி, அணைச்சிராதீய! ரெண்டே ரெண்டு பிச்சைக்கண்ணு!"

மெர்வின் தலையைக் குனிந்துகொண்டான்.

"விடுலே" என்றார் பிச்சைக்கண்ணு. "வேற வாய்பாடெல்லாம் போடாத. அந்தப் பேரு இவனுவ வாயிலயாவது கெடந்துட்டுப் போகட்டும்."

ஸ்விட்சில் கையை வைத்தபடி கடிகாரத்தைப் பார்த்தார். விநாடி முள் ஆறு தடவை நகர்ந்தது. பையன் கேட்ட நேரத்தைக் குறையில்லாமல் கொடுத்துவிட்டு, அப்புறம்தான் அணைத்தார்.